செபத்துக்காக எழுந்த கல்லறைத் தோட்டம்

நவம்பர் மாதம் பிறந்துவிட்டால் நமது பங்குகளில் கல்லறைத் தோட்டங்கள் புதுப்பொலிவு பெறுகின்றன. புல் செதுக்கப்படுகிறது, சிலுவைகளுக்குச் சுண்ணாம்பு பூசப்படுகிறது, 2-ஆம் நாள் மாலையில் குடும்பம் குடும்பமாக மக்கள் மெழுகுதிரிகளும் பூக்களும் ஏந்தித் தத்தம் முன்னோரின் கல்லறைகளைச் சூழ்ந்து நிற்கின்றனர். குருவானவர் தீர்த்தம் தெளித்து, உரத்த குரலில் செபம் சொல்ல, நாமும் பதிலுரைக்கிறோம். இதற்கு யாரிடமேனும் உத்தரவு பெறவேண்டும் என்ற எண்ணம் நமக்கு ஒருநாளும் எழுந்ததில்லை.

கத்தோலிக்க விசுவாசத்துக்குப் பேர்போன அயர்லாந்து நாட்டில், ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்கு முன், இந்த எளிய உரிமை மக்களுக்கு இல்லாதிருந்தது என்றால் வாசகர்கள் வியப்படையலாம். அவ்வுரிமையை நாடி எழுந்ததே டப்ளின் மாநகரின் வடபுறத்தில் உள்ள கிளாஸ்நெவின் கல்லறைத் தோட்டம். இன்று அதில் ஏறத்தாழ 15 இலட்சம் பேர் துயில்கின்றனர். டப்ளின் மாநகராட்சி எல்லைக்குள் இன்று வாழ்ந்துகொண்டிருப்பவர்களின் தொகை இதில் பாதிக்கும் குறைவே. நாட்டுத் தலைவர்கள், கவிஞர்கள், தொழிலாளர்கள், பஞ்சத்தில் மடிந்தவர்கள், பிறந்தவுடன் இறந்த குழந்தைகள் என எல்லாரும் அங்கே அருகருகே கிடக்கின்றனர். யாருக்குச் செபம், யாருக்குக் கல், யாருக்குப் பெயர் என்ற கேள்வி அந்தத் தோட்டத்தில் எவ்வாறெல்லாம் எழுந்தது என்பதைக் காண்பதே நமது நோக்கம்.

அயர்லாந்தின் பழைய கோவில்களும் அவற்றைச் சூழ்ந்த கல்லறை நிலங்களும், 16-ஆம் நூற்றாண்டின் சமயப் புரட்சிக்குப் பின் அரசின் ஆதரவு பெற்ற புரோட்டஸ்டாண்டு சபையின் கைக்குச் சென்றன. மக்களுள் பெரும்பாலோர் கத்தோலிக்கராகவே நிலைத்து நின்றனர். ஆயினும் அவர்கள் இறந்தால் தங்கள் பாட்டன் பூட்டன் கிடக்கும் அதே நிலத்தில், மாற்றுச் சபையின் போதகருக்குக் கட்டணம் செலுத்தி அடக்கம் பெறவேண்டியிருந்தது. தண்டனைச் சட்டங்கள் எனப்பட்ட கொடிய சட்டங்கள் நடப்பிலிருந்த காலத்தில், குருவானவர் இறந்தவரின் வீட்டிலேயே அடக்கச் செபங்களை முடித்து, ஒரு பிடி மண்ணை மந்திரித்துப் பெட்டிக்குள் இடும் வழக்கம் உண்டாயிற்று. கல்லறைக்குச் செல்ல இயலாத ஆசீர், ஒரு பிடி மண்ணாகப் பிணத்தோடு சென்றது என்க.

காலப்போக்கில் சட்டங்களின் கடுமை தளர்ந்தது. கல்லறையருகே ஓரிரு செபங்களைச் சொல்வதைப் பல இடங்களில் போதகர்கள் கண்டும் காணாதவர்போல் விட்டுவிட்டனர். இந்நிலையில்தான் 1823-ஆம் ஆண்டில், டப்ளின் நகரின் புனித கெவின் கோவில் கல்லறை நிலத்தில் ஆர்தர் டார்சி என்பவரின் அடக்கம் நிகழ்ந்தது. அதற்கு வந்திருந்த மைக்கேல் பிளேக் என்னும் குருவானவர் தொப்பியைக் கழற்றிச் செபத்தைத் தொடங்கியபோது, அந்தக் கோவிலின் கோவில்பிள்ளை குறுக்கிட்டுத் தடுத்தார். பிளேக் அடிகள் பின்னாளில் துரோமோர் மறைமாவட்டத்தின் ஆயரானவர். டப்ளினில் அன்றே பெரிதும் மதிக்கப்பட்டவர். குழியருகே நின்ற உற்றார் உறவினரின் முன்னிலையில், இறந்த ஒரு மனிதனுக்கான செபம் பாதியில் நின்றது. அந்தச் செய்தி நகரெங்கும் பரவியது.

அவ்வாண்டில்தான் டேனியல் ஓகானல் என்னும் வழக்கறிஞர் கத்தோலிக்க சங்கத்தைத் தோற்றுவித்திருந்தார். ஏழை உழவனும் மாதம் ஒரு பென்னி செலுத்தி உறுப்பினராகலாம் என்பது பின்னர் அச்சங்கத்தின் வழக்கமாயிற்று. அந்தப் பென்னிகளே மாபெரும் இயக்கமாகத் திரண்டன. டார்சியின் அடக்கத்தில் நேர்ந்ததை ஓகானல் தம் கையில் எடுத்துக்கொண்டார். சட்ட நூல்களை ஆராய்ந்து, இறந்த கத்தோலிக்கருக்காகக் கல்லறை நிலத்தில் செபிப்பதைத் தடைசெய்யும் சட்டம் எதுவுமே இல்லை என்று கருத்துரை வழங்கினார். பாராளுமன்றமும் அசைந்து கொடுத்து, 1824-இல் அடக்கச் சடங்குகளைப் பற்றிய ஒரு சட்டத்தை இயற்றியது. ஆனால் அதன்படி, செபம் சொல்ல விரும்பும் குரு அந்தந்த இடத்துப் போதகரிடம் முதலில் அனுமதி கேட்கவேண்டும். போதகர் மறுக்கவும் செய்யலாம். தன் தாயின் குழியருகே செபிக்கப் பிறருடைய அனுமதியை எதிர்நோக்கி நிற்பதைத் தன்மானமுள்ள எவர்தாம் ஏற்பர்? பிறருடைய நிலத்தில் அனுமதி கேட்பதைவிடத் தமக்கென நிலம் தேடுவதே மேல் என்று கத்தோலிக்க சங்கத்தார் முடிவு செய்தனர்.

1829 ஏப்ரலில் கத்தோலிக்க விடுதலைச் சட்டம் நிறைவேறியது. அதே ஆண்டு அக்டோபரில் டப்ளினின் மேற்குப் பகுதியில் கோல்டன்பிரிட்ஜ் என்னுமிடத்தில் முதல் தோட்டம் திறக்கப்பட்டது. அது சிறியது, விரைவில் போதாமற் போயிற்று. எனவே நகரின் நடுவிலிருந்து வடக்கே ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தொலைவில், கிளாஸ்நெவின் சிற்றூரையொட்டி 9 ஏக்கர் நிலம் வாங்கப்பட்டது. அவ்வூருக்குப் பழம்பெருமை உண்டு. 6-ஆம் நூற்றாண்டில் டோல்கா ஆற்றங்கரையில் புனித மோபி அங்கே ஒரு மடத்தை நடத்தினார் என்றும், ஸ்காட்லாந்து நாட்டில் வேதம் போதித்த புனித கொலும்பா அங்கே கல்வி பயின்றார் என்றும் மரபு கூறுகிறது. ஊரின் ஐரிஷ் பெயருக்குக் 'குழந்தைகளின் ஓடை' என்று பொருள் கூறுவாரும் உண்டு.

1832 பெப்ரவரி 21-ஆம் நாள் அந்நிலம் மந்திரிக்கப்பட்டுத் திறக்கப்பட்டது. மறுநாள் முதல் அடக்கம் நடைபெற்றது. அங்கே முதன்முதலில் மண்ணுக்குள் இறங்கியது யாரோ ஒரு பெருந்தலைவரின் உடல் என்று நாம் எண்ணிவிடவேண்டாம். பிரான்சிஸ் தெருவைச் சேர்ந்த மைக்கேல் கேரி என்னும் 11 வயதுச் சிறுவனே அத்தோட்டத்தின் முதற்குடி. யாரும் இடைமறிக்காமல் அடக்கச் செபம் முழுவதும் சொல்லப்பட்டு அவன் அடக்கம் பெற்றான்.

ஓகானலின் பெருந்தன்மையை இங்கே குறிப்பிட்டே ஆகவேண்டும். கத்தோலிக்கரின் காசில், கத்தோலிக்கரின் மனக்காயத்திலிருந்து பிறந்த அந்தத் தோட்டத்தைக் கத்தோலிக்கருக்கு மட்டும் உரியதாக அவர் ஆக்கவில்லை. எல்லாச் சமயத்தாருக்கும், சமயம் எதுவும் இல்லாதவர்க்குங்கூட, அவரவர் முறைப்படி அடக்கம் பெற அங்கே இடம் உண்டு என்பதே தொடக்கமுதல் விதி. தமக்கு மறுக்கப்பட்டதை அவர் பிறர்க்கு மறுக்கவில்லை. ஐரிஷ் புரட்சியாளருக்காக நீதிமன்றத்தில் வாதாடிய புரோட்டஸ்டாண்டு வழக்கறிஞர் ஜான் பில்பாட் கரன் 1817-இல் இலண்டனில் இறந்தவர்; அவருடைய எச்சங்கள் 1837-இல் கிளாஸ்நெவினுக்குக் கொண்டுவரப்பட்டன. பண்டைய ரோமைக் கல்லறை ஒன்றின் வடிவில் அமைந்த அவருடைய கற்பேழையை இன்றும் காணலாம்.

தோட்டத்தைச் சுற்றி உயர்ந்த மதிலும், மதிலின்மேல் கோட்டையிற்போலக் காவற்கோபுரங்களும் நிற்கின்றன. இறந்தோருக்குக் காவல் எதற்கு? அக்காலத்தில் மருத்துவப் பள்ளிகளுக்கு அறுத்துப் பயில உடல்கள் தேவைப்பட்டன. முறையாகக் கிடைத்தவையோ மிகச் சில. ஆகவே புதிதாக அடக்கம் செய்த உடல்களை இரவோடிரவாகத் தோண்டி எடுத்து விற்கும் கூட்டம் ஒன்று டப்ளினில் தழைத்திருந்தது. அவர்களுக்கு அஞ்சியே கோபுரங்களில் ஆயுதம் ஏந்திய காவலர் இரவு முழுதும் விழித்திருந்தனர், வேட்டைநாய்களும் அவிழ்த்துவிடப்பட்டன. 1832-இல் உடற்கூற்றுச் சட்டம் வந்து, மருத்துவப் பள்ளிகள் முறைப்படி உடல்களைப் பெற வழி திறந்தபின் இந்தத் திருட்டு குறைந்து மறைந்தது. பழைய வாயிலின் பக்கத்தில் 1833-இல் தொடங்கிய மதுக்கடை மட்டும் இன்றளவும் நடைபெறுகிறது. குழிவெட்டுவோர் மதிலைத் தட்ட, உள்ளிருந்து அவர்களுக்குக் கோப்பை நீளும் என்று அக்கம்பக்கத்தார் சொல்லிச் சிரிக்கும் கதை ஒன்று உண்டு. அதன் உண்மைக்கு நாம் பொறுப்பேற்க இயலாது!

தோட்டம் திறந்த அதே ஆண்டில் டப்ளின் நகரைக் காலரா தாக்கியது. 1845-இல் உருளைக்கிழங்குப் பயிர் நோயுற்றழிய, பெரும்பஞ்சம் தொடங்கிற்று. பட்டினியும் சுரமும் தின்றது போக எஞ்சியவரை 1849-இல் மீண்டும் காலரா வாரிக்கொண்டது. நாட்டுப்புறங்களிலிருந்து நகரை நோக்கி வந்த ஏழைகள் தெருக்களிலும் விடுதிகளிலும் மாண்டனர். அவர்களுக்காகத் தனிக்குழி வெட்ட இடமுமில்லை, பொழுதுமில்லை. பொதுக்குழிகளில் வரிசை வரிசையாக, ஒருவர்மேல் ஒருவராக அவர்கள் கிடத்தப்பட்டனர். பஞ்சத்திலும் கொள்ளை நோயிலும் மடிந்தோர் உட்பட, கல்லோ சிலுவையோ இல்லாத பொதுக்குழிகளில் கிடப்போர் ஏறத்தாழ 8 இலட்சம் பேர் என்று மதிப்பிடப்படுகிறது. அத்தோட்டத்தின் பரந்த புல்வெளிகளில் நடப்பவர்கள் பெரும்பாலும் இவர்களின்மேல்தான் நடக்கின்றனர்.

ஆயினும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். கல்லில் பெயரில்லை, ஏட்டில் உண்டு. அடக்கம் செய்யப்பட்டவரின் பெயர், வயது, குடியிருப்பு, தொழில், இறந்த காரணம் ஆகியவற்றைப் பெரிய பதிவேடுகளில் எழுதிவைக்கும் வழக்கம் அங்கே தொடர்ந்து காக்கப்பட்டது. செல்வனுக்கும் ஆண்டிக்கும் அந்த ஏட்டில் ஒரே அளவு வரிதான். இன்று அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் வாழும் ஐரிஷ் வழித்தோன்றல்கள் தம் முன்னோரை அந்த ஏடுகளின் வாயிலாகவே தேடிக் கண்டுபிடிக்கின்றனர். பளிங்கு மண்டபங்களைவிட, மைதொட்டு எழுதிய அந்த ஏடுகளே கிளாஸ்நெவினின் சிறந்த நினைவுச்சின்னம் என்பது நம் கருத்து.

பளிங்கையும் கருங்கல்லையும் பற்றிப் பேசாமல் இருக்கவும் முடியாது. வாயிலில் நுழைந்ததும் வானளாவ எழுந்து நிற்பது ஓகானலின் நினைவுக் கோபுரம். 1847-ஆம் ஆண்டு, பஞ்சத்தின் உச்சியில், உடல் நலிந்த ஓகானல் ரோமைக்குத் திருப்பயணம் புறப்பட்டார். வழியில் ஜெனோவா நகரில் மே 15-ஆம் நாள் உயிர் நீத்தார். அவருடைய விருப்பப்படி இதயம் ரோமைக்கு அனுப்பப்பட்டு அங்கே ஒரு கோவிலில் வைக்கப்பட்டது; பிற்காலத்தில் அது தொலைந்து போயிற்று. உடல் மட்டும் தாய்நாடு திரும்பி, ஆகஸ்டு மாதம் அவரே நிறுவிய தோட்டத்தில் அடக்கம் பெற்றது. பழங்கால ஐரிஷ் மடங்களின் வட்டக்கோபுரங்களை நன்கு ஆராய்ந்த ஜார்ஜ் பெட்ரி என்னும் அறிஞர், ஒரு சிற்றாலயம், ஒரு சிலுவை, ஒரு வட்டக்கோபுரம் ஆகிய மூன்றும் சேர்ந்த நினைவிடம் ஒன்றைத் திட்டமிட்டார். ஆலயமும் சிலுவையும் எழவில்லை. ஏறத்தாழ 170 அடி உயரத்துக்குக் கோபுரம் மட்டும் எழுந்தது. மூன்றும் எழுந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்! 1869-இல், டொமினிக்கன் சபையின் புகழ்பெற்ற பிரசங்கியான தாமஸ் பர்க் அடிகள் மறையுரை ஆற்ற, ஓகானலின் பேழை அக்கோபுரத்தின் அடியிலுள்ள நிலவறைக்கு மாற்றப்பட்டது. கற்கல்லறையின் பக்கங்களில் உள்ள திறப்புகளின் வழியே கைநீட்டி அப்பேழையைத் தொட்டுச் செல்வது வருவோரின் வழக்கம்.

1971 சனவரியில் யாரோ வைத்த வெடிகுண்டு கோபுரத்தின் உட்படிகளைத் தகர்த்தெறிந்தது. உயிர்ச்சேதம் இல்லை, சுவர்களும் நின்றன. ஆனால் ஏறுவதற்கு வழியில்லாமல் 47 ஆண்டுகள் அது மூடிக்கிடந்தது. 2018-இல் 198 படிகள் புதிதாக அமைக்கப்பட்டு மீண்டும் திறக்கப்பட்டது.

ஓகானலுக்குப் பின் அயர்லாந்தின் அரசியல் தலைவர்கள் ஒருவர் பின் ஒருவராக அவருடைய கோபுர நிழலை நாடி வந்தனர். அவர்களுள் சார்லஸ் ஸ்டூவர்ட் பார்னெலின் நிலை தனித்தன்மை வாய்ந்தது. பிறப்பால் புரோட்டஸ்டாண்டு, கத்தோலிக்க உழவர்களின் நிலவுரிமைக்காகப் போராடியவர். பிறர் மனைவியுடன் கொண்ட தொடர்பு 1890-இல் நீதிமன்றம் ஏறியதால் ஆயர்களும் மக்களுள் பெரும்பகுதியினரும் அவரைக் கைவிட்டனர். மறு ஆண்டே 45-ஆம் வயதில் அவர் இறந்தார். ஆயர்கள் கண்டித்த அம்மனிதருக்கும் கிளாஸ்நெவினின் வாயில் மூடப்படவில்லை. காலராவில் மடிந்த ஏழைகளின் பொதுக்குழிகள் இருந்த மேட்டில் அவர் அடக்கம் பெற்றார் என்று கூறப்படுகிறது. அவருடைய கல்லறைமேல் செதுக்காத பெரும் பாறை ஒன்று கிடக்கிறது. அதில் தேதியில்லை, புகழுரையில்லை. பார்னெல் என்ற பெயர் மட்டுமே உண்டு. அத்தோட்டத்திலுள்ள நினைவுக் கற்களுள் நம் மனத்தை மிகவும் தொடுவது இதுவே.

1915-இல் அமெரிக்காவில் இறந்த ஓடோனவன் ரோசா என்னும் முதுபெரும் புரட்சியாளரின் உடல் ஆகஸ்டு 1-ஆம் நாள் இங்கே அடக்கமானது. அந்தக் குழியருகே பேட்ரிக் பியர்ஸ் ஆற்றிய உரை நாட்டையே கிளர்ந்தெழச் செய்தது. ஒன்பது மாதங்களுக்குள் 1916-ஆம் ஆண்டுப் பாஸ்கா எழுச்சி வெடித்தது. பியர்ஸ் மரண தண்டனைக்கு உள்ளானார். அதே ஆண்டு இலண்டனில் தூக்கிலிடப்பட்டவர் சர் ரோஜர் கேஸ்மென்ட். மரணத்துக்குமுன் சிறையிலேயே கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தவர். சிறைச்சாலை மண்ணில் அரை நூற்றாண்டு கிடந்தபின், 1965 மார்ச் 1-ஆம் நாள் அரசு மரியாதையுடன் கிளாஸ்நெவினில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். டப்ளின் சிறையில் 1920-இல் தூக்கிலிடப்பட்டபோது கெவின் பேரி 18 வயது மாணவர். அவருடைய உடலும், அவருக்குப் பின் அச்சிறையில் கொல்லப்பட்டுச் சிறை வளாகத்திலேயே புதைக்கப்பட்டவர்களின் உடல்களும் பின்னாளில் தோண்டி எடுக்கப்பட்டன. 2001 அக்டோபர் 14-ஆம் நாள் மறைமாவட்டப் பேராலயத்தில் திருப்பலி நிறைவேறியபின் ஒன்பது பேழைகள் இத்தோட்டத்தை அடைந்தன. எண்பது ஆண்டுகள் காத்திருந்த அடக்கச் செபம்!

விடுதலை கிடைத்தபின் சகோதரர் தமக்குள் போரிட்ட கதையையும் இந்த மண் சொல்கிறது. 1922 ஆகஸ்டில் பத்து நாள் இடைவெளியில் ஆர்தர் கிரிபித்தும் மைக்கேல் காலின்சும் மறைந்தனர். காலின்ஸ் 31 வயதில் உள்நாட்டுப் போரில் சுடப்பட்டு இறந்தவர். எதிரணியில் நின்ற டி வலேரா நெடுங்காலம் நாட்டை ஆண்டு, 1975-இல் 92 வயதில் இறந்தார். அவரும் இதே மதிலுக்குள்தான் கிடக்கிறார். மனைவியோடும், இளமையில் இறந்த மகனோடும் ஒரே கல்லின்கீழ். அந்தக் கல் ஒரு நடுத்தரக் குடும்பத்தின் கல்லறைக் கல்லைப்போலவே எளியது. காலின்சின் கல்லறையில் பெரும்பாலும் புதுப்பூக்கள் காணப்படும்.

இறந்தோரைச் சமாதானப்படுத்துவது எளிது. உயிரோடிருப்போரைச் சமாதானப்படுத்துவது அரிது. 1916-ஆம் ஆண்டு எழுச்சியின் நூற்றாண்டை நினைவுகூர 2016-இல் இங்கே ஒரு நினைவுச்சுவர் எழுப்பப்பட்டது. எழுச்சியில் மாண்ட 488 பேரின் பெயர்கள், புரட்சியாளர், பிரிட்டிஷ் படைவீரர், காவலர், தெருவில் அகப்பட்டு இறந்த பொதுமக்கள், சிறுவர் என்ற வேறுபாடின்றி, இறந்த நாள் வரிசைப்படி அதில் பொறிக்கப்பட்டன. சுட்டவனையும் சுடப்பட்டவனையும் ஒரே சுவரில் எழுதுவதா என்று சிலர் கொதித்தனர். 2017-இல் சுவரின்மேல் வண்ணம் வீசப்பட்டது. 2020-இல் சம்மட்டியால் அடித்து நொறுக்கப்பட்டது. இறுதியில், 2022-இல், அப்பெயர்களை மீண்டும் அங்கே பொறிப்பதில்லை என்று தோட்டத்தை நிர்வகிப்போர் முடிவு செய்தனர். பார்னெலுக்கு இடம் கொடுத்த தோட்டத்தில் இவ்வாறு நேர்ந்ததை எண்ணி நாம் வருந்துகிறோம்.

அரசியலை விட்டு அமைதியான மூலைக்குச் செல்வோம். சேசு சபையினரின் பொது அடக்க இடத்தில் பெரிய பாடுபட்ட சுரூபம் ஒன்றைச் சுற்றிக் குருக்களின் பெயர்கள் இலத்தீனில் வரிசையாகப் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று ஜெரார்டு மான்லி ஹாப்கின்ஸ் அடிகளுடையது. டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் கிரேக்கம் கற்பித்துவந்த அவர், 1889 ஜூன் 8-ஆம் நாள் டைபாய்டு சுரத்தால் 44 வயதில் இறந்தார். அடக்கத்துக்கு வந்தோருள் பெரும்பாலோர் அவரை ஒரு பேராசிரியராகவே அறிந்திருந்தனர். அவருடைய கவிதைகள் நூலாக வெளிவந்ததோ 1918-இல். ஆங்கில இலக்கியத்தின் பெருங்கவிஞருள் ஒருவர் பட்டியலில் ஒரு வரியாய் அங்கே நிற்கிறார். தேடிச் செல்பவர் விரலால் தடவித்தான் பெயரைக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஹாப்கின்ஸ் கண்மூடியதற்கு முந்தின நாள், அதே டப்ளினில், ஒரு குழந்தை பிறந்தது. அக்குழந்தையே பிராங்க் டஃப். அரசு அலுவலராகப் பணியாற்றிய இவர் 1921 செப்டம்பர் 7-ஆம் நாள் மாலை, பிரான்சிஸ் தெருவிலுள்ள மைரா இல்லத்தில், சில பெண்களையும் ஒரு குருவையும் கூட்டிச் செபமாலை சொல்லித் தொடங்கியதுதான் மரியாயின் சேனை. கிளாஸ்நெவினின் முதற்குடியான சிறுவன் வாழ்ந்ததும் இதே தெருவில்தான் என்பது நம் கவனத்தை ஈர்க்கிறது. மரியாயின் சேனை நம் பங்குகளில் ஆற்றிவரும் பணியை வாசகர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. வாரந்தோறும் அதன் செபங்களைத் தமிழில் சொல்லும் நம் சகோதர சகோதரிகள், அதனை நிறுவியவர் 1980 நவம்பர் 7-ஆம் நாள் 91 வயதில் இறந்து, இத்தோட்டத்தில் தம் குடும்பக் கல்லறையில் துயில்கிறார் என்பதை இந்த மாதத்தில் நினைவுகூரலாம்.

குடிப்பழக்கத்தின் பிடியில் சிக்கியிருந்து, 28-ஆம் வயதில் அதனை உதறித் தள்ளி, பின் நாற்பது ஆண்டுகள் கடுந்தவம் புரிந்த கூலித் தொழிலாளி மாட் டால்பட்டும் 1925-இல் இங்கேதான் அடக்கம் செய்யப்பட்டார். திருப்பலிக்குச் செல்லும் வழியில் சந்து ஒன்றில் விழுந்து இறந்தவர் அவர். அவருடைய திருப்பண்டங்கள் 1972-இல் நகரிலுள்ள லூர்து அன்னை ஆலயத்துக்கு மாற்றப்பட்டன. 1975-இல் பாப்பிறை ஆறாம் பவுல் அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தார்.

இனி நாம் கூறப்போவது துயரமானது. திருமுழுக்குப் பெறாமல் இறந்த குழந்தைகளை மந்திரித்த நிலத்தில் அடக்கம் செய்யாத வழக்கம் அயர்லாந்தில் நெடுங்காலம் நிலவிற்று. இறந்தே பிறந்த பிள்ளையைத் தந்தை பெட்டியிலிட்டுப் பொழுது சாய்ந்தபின் சுமந்துசென்று, வயலோரத்திலோ பாழ்பட்ட கோட்டையின் ஓரத்திலோ புதைத்துத் திரும்புவார். செபமில்லை, பெயருமில்லை. தாய் உடன் செல்வதுமில்லை. பலருக்குப் பிள்ளை கிடக்கும் இடமே தெரியாமற் போயிற்று. இத்தகைய குழந்தைகளையும் மந்திரித்த நிலத்துக்குள் ஏற்றுக்கொண்ட மிகச் சில தோட்டங்களுள் கிளாஸ்நெவின் ஒன்று. சம்மனசுகளின் பகுதி என்று அழைக்கப்படும் இடத்தில் பல்லாயிரம் பச்சிளங்குழந்தைகள் கிடக்கின்றனர். அங்கே பொம்மைகளும் காற்றாடிகளும் வண்ணக் கற்களும் வைக்கப்பட்டிருக்கும். ஐம்பது ஆண்டுகளுக்குமுன் இழந்த பிள்ளைக்கு இன்று பொம்மை கொண்டுவரும் பாட்டிமார் உண்டு. லிம்போ என்னும் கருத்தைப் பற்றி ஆராய்ந்த பன்னாட்டு இறையியல் ஆணையம், திருமுழுக்கின்றி இறக்கும் குழந்தைகளும் மீட்புப் பெறுவர் என நம்புவதற்கு உறுதியான காரணங்கள் உண்டென்று 2007-இல் எடுத்துரைத்தது. அந்தத் தாய்மாரிற் பலர் அதற்குள் இறந்துவிட்டனர்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். இதை நமது பத்திரிகையில் எழுதாமல் விட்டுவிடலாம் என்று சில வாசகர்கள் கருதக்கூடும். ஆனால் செபம் மறுக்கப்பட்டதால் பிறந்த தோட்டத்தின் வரலாற்றை எழுதப் புகுந்தபின், அந்த வரலாற்றில் நம்மவரே பிறருக்கு மறுத்ததை மறைப்பது முறையன்று. அயர்லாந்தில் மகதலா சலவை இல்லங்கள் என்று பெயர் பெற்ற நிலையங்கள் இருந்தன. துறவறச் சபையினர் அவற்றை நடத்தினர். மணமாகாமல் தாயானவர், திக்கற்றவர், குடும்பத்தாரால் கைவிடப்பட்டவர் எனப் பல பெண்கள் அங்கே அடைபட்டு, கூலியின்றித் துணி வெளுத்து, பலர் அங்கேயே முதுமையடைந்து இறந்தனர். இறந்தபின்னும் அவர்கள் அந்த வளாகத்திலேயே புதைக்கப்பட்டனர்.

டப்ளினின் வடபகுதியில் உள்ள அத்தகைய இல்லம் ஒன்று 1993-இல் தன் நிலத்தின் ஒரு பகுதியை விற்றது. விற்ற நிலத்தில் கல்லறைகள் இருந்தன. அவற்றைத் தோண்டி அகற்ற 133 உடல்களுக்கு அனுமதி பெறப்பட்டது. தோண்டும்போது மேலும் 22 உடல்கள் வெளிப்பட்டன. அவர்களுள் பலருடைய மரணம் அரசின் ஏட்டில் பதிவாகியிருக்கவே இல்லை. சிலர் சரியான பெயரால்கூடக் குறிக்கப்படவில்லை. இல்லத்தில் சூட்டிய புனிதையரின் பெயர்களே எஞ்சின. அப்பெண்களுள் பெரும்பாலோரின் உடல்கள் எரியூட்டப்பட்டு, அவர்களின் சாம்பல் கிளாஸ்நெவினில் ஒரே கல்லறையில் வைக்கப்பட்டது. இந்தச் செய்தி வெளிவந்த பின்னரே அந்த இல்லங்களின் நிலை குறித்து நாடெங்கும் கேள்விகள் எழுந்தன. 2013 பெப்ரவரி 19-ஆம் நாள் அயர்லாந்துப் பிரதமர் பாராளுமன்றத்தில் நாட்டின் சார்பில் அப்பெண்களிடம் மன்னிப்புக் கோரினார். அவர்களுள் உயிரோடிருந்த சிலர் மேல்மாடத்தில் அமர்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தனர்.

அவர்களுடைய கல்லறைக் கல்லில் பெயர்கள் நெருக்கமாகப் பொறிக்கப்பட்டுள்ளன. அந்தப் பெயர்களைப் பழைய ஏடுகளோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு பெண்ணும் யார், எந்த ஊர், யாருடைய மகள் என்று தேடும் பணியைச் சிலர் தாமாகவே மேற்கொண்டு செய்துவருகின்றனர்.